தாழ்த்தப்பட்ட கெப் வாகனத்தில் சுக்கான் கோளாறுகளை இனங்காணல்

க.பொ.த. சாதாரண தரம் – தொழினுட்பப் பாடம்
அலகு: மோட்டார் வாகனத்தின் சுக்கான் தொகுதியும் தொங்கல் தொகுதியும்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்
• சுக்கான் தொகுதியின் உறுப்புகளையும் சில்லுகளின் கோணங்களையும் விளக்குவீர்கள்.
• வாகனத்தின் உயரத்தைக் குறைக்கும்போது ஏற்படும் மாற்றங்களைக் கூறுவீர்கள்.
• ஒரு கோளாறின் அறிகுறியிலிருந்து அதன் காரணத்தை ஒழுங்கான முறையில் கண்டறிவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, கண்டியைச் சூழவுள்ள வீதிகளை நீங்கள் நன்கு அறிவீர்கள். கொழும்பிலிருந்து வருபவர்கள் கடுகண்ணாவ ஏற்றத்தைக் கடந்தே கண்டியை அடைகின்றனர். பேராதனை, கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதி முழுவதும் வளைவுகளே. கண்டி – மஹியங்கனை வீதியில் உடதும்பரவைத் தாண்டியதும் 18 வளைவு எனப் பெயர்பெற்ற இறக்கம் வருகின்றது. இத்தகைய வீதிகளில் சாரதியின் உயிர் இரண்டு தொகுதிகளில் தங்கியுள்ளது. ஒன்று தடுப்புத் தொகுதி, மற்றையது சுக்கான் தொகுதி.

நம் ஊரில் கெப் என அழைக்கப்படும் வாகனம் சரக்கு ஏற்றுவதற்காகத் தயாரிக்கப்பட்டது. அதன் உடலைத் தாழ்த்தி, அகன்ற சில்லுகளைப் பூட்டி அழகுபார்க்கும் வழக்கம் அமெரிக்காவின் கலிபோர்னியா போன்ற இடங்களிலிருந்து பரவியது. அங்குள்ள நேரான சமதள வீதிகளுக்கு ஓரளவு ஒத்துப்போகும் இம்மாற்றம், மலைநாட்டு வளைவுகளில் வேறு விளைவுகளைத் தருகின்றது. அவற்றை இனங்காணும் முறையை இப்பாடத்தில் நோக்குவோம்.

2. சுக்கான் தொகுதியின் உறுப்புகள்

முன்சில்லுகளுக்குத் தனித்தனித் தொங்கல் கொண்ட பழைய கெப் ஒன்றில் விசை கடத்தப்படும் ஒழுங்கு வருமாறு:

சுக்கான் சில்லு → சுக்கான் தண்டு → ஸ்டியரிங் பொக்ஸ் → பிட்மன் ஆர்ம் → நடு இணைப்புக் கோல் → டை ரொட் → சில்லு

நடு இணைப்புக் கோலின் மறுமுனையை ஐட்லர் ஆர்ம் தாங்குகின்றது. சில்லு மேலும் கீழும் அசைவதற்கு அப்பர் ஆர்ம், லோவர் ஆர்ம் என்னும் இரு கரங்கள் உதவுகின்றன. இவற்றின் முனைகளில் போல் ஜொயிண்டுகள் உள்ளன. பல கெப் வாகனங்களின் முன்பகுதியில் சுருள் வில்லுக்குப் பதிலாக டோர்ஷன் பார் எனப்படும் முறுக்குக் கோல் பயன்படுகின்றது. பின்பகுதியில் லீஃப் ஸ்பிரிங் உண்டு.

சுக்கான் விகிதம்: சுக்கான் சில்லு திரும்பும் கோணத்தை, வீதிச் சில்லு திரும்பும் கோணத்தால் வகுக்க வருவதாகும்.

உதாரணம் 1: ஒரு கெப்பின் சுக்கானை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்ப 3½ சுற்றுகள் தேவை. முன்சில்லுகள் மொத்தமாக 70 பாகை திரும்புகின்றன.
சுக்கான் திரும்பிய கோணம் = 3.5 × 360 = 1260 பாகை
சுக்கான் விகிதம் = 1260 ÷ 70 = 18
அதாவது 18 : 1 ஆகும். விசைப் பெருக்கம் கிடைப்பதால் சாரதி சிறு விசையுடன் சில்லுகளைத் திருப்ப முடிகின்றது.

3. இரு முன்சில்லுகளும் ஏன் சமமாகத் திரும்புவதில்லை?

வளைவில் உட்புறச் சில்லு சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சில்லு பெரிய வட்டத்திலும் செல்கின்றது. ஆகவே உட்புறச் சில்லு கூடுதலாகத் திரும்ப வேண்டும். மியூனிச் நகரைச் சேர்ந்த வண்டி செய்பவரான லாங்கன்ஸ்பேர்கர் குதிரை வண்டிக்கென உருவாக்கிய இந்த அமைப்புக்கு, அவர் சார்பில் றுடோல்ப் அக்கர்மன் 1818 இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அதனால் இது இன்றும் அக்கர்மன் தத்துவம் எனப்படுகின்றது.

உதாரணம் 2: முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 2.7 மீற்றர். முன்சில்லுகள் திரும்பும் அச்சுகளுக்கு இடைத்தூரம் 1.2 மீற்றர். பின் அச்சின் நடுப்புள்ளி 6 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தில் செல்கின்றது.
உட்புறச் சில்லு: தான்சன் = 2.7 ÷ 5.4 = 0.50, கோணம் ஏறத்தாழ 26½ பாகை
வெளிப்புறச் சில்லு: தான்சன் = 2.7 ÷ 6.6 = 0.41, கோணம் ஏறத்தாழ 22 பாகை
இந்த வேறுபாட்டைத் தருவது டை ரொட்டுகளினதும் சில்லுக் கரங்களினதும் நிலையே. எனவே அவற்றின் நிலை மாறினால் வளைவில் செல்லும் பாங்கும் மாறும்.

4. சில்லுகளின் மூன்று கோணங்கள்

(அ) கெம்பர்: முன்னாலிருந்து பார்க்கும்போது சில்லு நிலைக்குத்திலிருந்து சாய்ந்துள்ள கோணம். சில்லின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்தால் அது மறைக் கெம்பர்.

(ஆ) காஸ்டர்: பக்கத்திலிருந்து பார்க்கும்போது சில்லு திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்துள்ள கோணம். வளைவு முடிந்ததும் சுக்கான் தானாக நேர்நிலைக்கு மீள்வதற்கு இது பெரிதும் உதவுகின்றது. துவிச்சக்கரவண்டியின் முன் கவர் சாய்ந்திருப்பதை நினைவிற் கொள்க.

(இ) டோ: மேலிருந்து பார்க்கும்போது இரு சில்லுகளின் முன் விளிம்புகளுக்கும் பின் விளிம்புகளுக்கும் இடையிலான தூர வேறுபாடு. முன்தூரம் குறைவாயின் டோ இன், கூடுதலாயின் டோ அவுட்.

5. தாழ்த்தும்போது என்ன மாறுகின்றது?

முன்பகுதியைத் தாழ்த்த முறுக்குக் கோலின் செப்பஞ்செய் ஆணியைத் தளர்த்துவர். பின்பகுதியைத் தாழ்த்த அச்சுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் இடையே இரும்புக் கட்டையை வைப்பர். இதனால் புவியீர்ப்பு மையம் தாழ்வது உண்மையே. அது வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும். ஆனால் கூடவே பின்வரும் மாற்றங்களும் நிகழ்கின்றன.

1. கெம்பர் மறைப் பக்கம் செல்லும். அப்பர் ஆர்ம் பொதுவாக லோவர் ஆர்மை விடக் குட்டையானது. உடல் தாழும்போது அது சில்லின் மேற்பகுதியை உள்ளே இழுக்கின்றது. டயரின் உள்விளிம்பு தேயும்.

2. டோ மாறும். டை ரொட்டும் கரங்களும் வெவ்வேறு வில்வடிவப் பாதைகளில் அசைகின்றன. தயாரிப்பாளர் நிர்ணயித்த உயரத்தில் இப்பாதைகள் ஏறத்தாழ ஒத்துப்போகும். உயரம் மாறியதும் ஒவ்வாமை கூடும். பள்ளத்தில் சில்லு மேலெழும் ஒவ்வொரு முறையும் டை ரொட் சில்லைத் தள்ளும் அல்லது இழுக்கும். சாரதி திருப்பாமலே வாகனம் திரும்பும். கராஜ்களில் இது பம்ப் ஸ்டியர் எனப்படுகின்றது.

3. காஸ்டர் மாறும். முன்பகுதி பின்பகுதியை விடக் கூடுதலாகத் தாழ்ந்தால் காஸ்டர் குறையும். பின்பகுதி கூடுதலாகத் தாழ்ந்தால் காஸ்டர் அதிகரிக்கும்.

4. அசைவுத் தூரம் குறையும். முறுக்குக் கோலைத் தளர்த்துவதால் அதன் விறைப்பு மாறுவதில்லை. ஆனால் கரம் இறப்பர் தடுப்பில் மோதுமுன் உள்ள இடைவெளி குறைகின்றது. உதாரணமாக, சில்லு 80 மி.மீ. மேலெழ இடமிருந்த வாகனத்தை 50 மி.மீ. தாழ்த்தினால் மீதி 30 மி.மீ. மாத்திரமே. மோதியதும் தொங்கல் திடீரென விறைப்படைந்து, டயர் வீதியில் பிடிப்பை இழக்கலாம்.

5. மூட்டுகளின் சாய்வு கூடும். டை ரொட் முனைகளும் போல் ஜொயிண்டுகளும் தம் எல்லைக்கு அருகில் இயங்குவதால் இறுகலாம். இறப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறலாம்.

6. அகன்ற சில்லு பூட்டினால் விசையின் திருப்பம் கூடும். சில்லு 30 மி.மீ. வெளியே நகர்ந்தால், வீதியின் விசை தாக்கும் புள்ளியும் திரும்பும் அச்சிலிருந்து 30 மி.மீ. விலகும்.

உதாரணம் 3: ஒரு சில்லு குழியில் மோதும்போது பின்னோக்கி 1500 நியூற்றன் விசை தாக்குகின்றது.
மேலதிகத் திருப்பம் = 1500 × 0.03 = 45 நியூற்றன் மீற்றர்
இத்திருப்பமே சாரதியின் கையிலிருந்து சுக்கானைப் பறிப்பது போல் உணரப்படுகின்றது.

கவனிக்க: இறக்கத்தில் தடுப்பை மிதிக்கும்போது நிறை முன்சில்லுகளுக்கு மாறி முன்பகுதி அமிழ்கின்றது. அப்போது மேலே கூறிய 2 ஆம், 4 ஆம் மாற்றங்கள் ஒருங்கே நிகழும். எனவே கட்டுகஸ்தோட்டையின் சமதள வீதியில் சிறிதாகத் தோன்றும் கோளாறு, 18 வளைவு இறக்கத்தில் பெரும் ஆபத்தாகும். சமதளத்தில் மாத்திரம் ஓட்டிப் பார்த்து வாகனம் நன்று எனத் தீர்மானிக்கக் கூடாது.

6. கோளாறுகளின் மூன்று வகைகள்

இப்பாடத்தின் மையக் கருத்து இதுவாகும். எந்தச் சுக்கான் கோளாறையும் முதலில் பின்வரும் மூன்றில் ஒன்றாக வகைப்படுத்துக.

(அ) தளர்வு: உறுப்பு தேய்ந்து ஆட்டம் கண்டிருத்தல். தீர்வு: உறுப்பை மாற்றுதல்.
(ஆ) கோணம்: உறுப்புகள் நல்ல நிலையில் இருந்தும் அவற்றின் நிலை பிழையாயிருத்தல். தீர்வு: உயரத்தையும் கோணங்களையும் சரிசெய்தல்.
(இ) முட்டல்: அசையும் உறுப்பு வேறொன்றில் உரசுதல், மோதுதல் அல்லது இறுகுதல். தீர்வு: இடைவெளியை ஏற்படுத்துதல்.

கோணக் கோளாறுள்ள வாகனத்தில் புதிய உறுப்புகளைப் பூட்டினால் பணம் செலவாகும், கோளாறு நீங்காது. தாழ்த்தப்பட்ட வாகனங்களில் அதிகம் நிகழும் தவறு இதுவே.

7. பரிசோதிக்கும் ஒழுங்கு

கழற்றாமல் செய்யக்கூடியவற்றை முதலிலும், கழற்றிச் செய்ய வேண்டியவற்றைப் பின்னரும் செய்க.

படி 1. விசாரித்தல். கோளாறு எப்போது தொடங்கியது? தாழ்த்துவதற்கு முன்னரா, பின்னரா? நேர்வீதியிலா, வளைவிலா, பள்ளத்திலா, தடுப்பை மிதிக்கும்போதா? சரக்கு உள்ளபோதா, இல்லாதபோதா?

படி 2. டயர்கள். நான்கு டயர்களின் அளவையும், குளிர்ந்த நிலையில் காற்றமுக்கத்தையும் பார்க்க. உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும் தேய்வை ஒப்பிடுக. ஒரு பக்கம் இழுக்கும் வாகனங்கள் சில இப்படியிலேயே குணமாகிவிடும்.

படி 3. உயரம். சமதளத்தில் நிறுத்தி, சில்லின் மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளக்க. இடம், வலம் சமமாக உள்ளனவா? முறுக்குக் கோல்கள் இரண்டும் சமமாகத் தளர்த்தப்படாவிடின் வாகனம் ஒரு பக்கம் இழுக்கலாம்.

படி 4. சுக்கானின் வெற்றசைவு. சில்லுகளை நேராக வைத்து, அவை அசையத் தொடங்கும்வரை சுக்கான் விளிம்பு நகரும் தூரத்தை அளக்க. பவர் ஸ்டியரிங் ஆயின் எஞ்சினை இயக்கி அளக்க. பொதுவாக 30 மி.மீ. இற்கு மேற்பட்டால் தளர்வு உண்டு எனக் கொள்ளலாம்.

படி 5. ஜெக் அடித்து ஆட்டிப் பார்த்தல். வாகனத்தைத் தாங்கிகளில் நிறுத்திய பின்னரே சில்லைத் தொடுக. கடிகாரத்தின் 3, 9 நிலைகளில் பிடித்து ஆட்ட அசைவிருந்தால் டை ரொட் முனை, ஐட்லர் ஆர்ம் ஆகியவற்றைச் சந்தேகிக்க. 12, 6 நிலைகளில் அசைவிருந்தால் சில்லின் பெயாரிங் அல்லது போல் ஜொயிண்ட் காரணமாகலாம். முறுக்குக் கோல் லோவர் ஆர்முடன் இணைந்துள்ள வாகனத்தில், ஜெக்கை லோவர் ஆர்மின் கீழ் வைத்தாலே கீழ்ப் போல் ஜொயிண்டின் ஆட்டம் தெரியும்.

படி 6. இறுக்கம். முன்சில்லுகள் நிலத்தைத் தொடாத நிலையில் சுக்கானை முனைக்கு முனை திருப்புக. ஓரிடத்தில் இறுகினால் அது முட்டல் வகை. தடையின்றித் திரும்பியும் வீதியில் சுக்கான் மீளாவிடின் காஸ்டர் கோணத்தைச் சந்தேகிக்க. வாகனத்தை இறக்கிய பின், அதன் ஓட்ட உயரத்திலும் இச்சோதனையை மீண்டும் செய்க. தொங்கும் சில்லில் தெரியாத உரசல் அப்போது தெரியும்.

படி 7. டோ மாற்றம். டயர்களின் முன், பின் விளிம்புத் தூரங்களைச் சில்லின் மைய உயரத்தில் அளக்க. பின்னர் முன்னிருக்கையில் ஆட்களை அமர்த்தி உடலை அமிழ்த்தி மீண்டும் அளக்க. டோ பெரிதும் மாறினால் பம்ப் ஸ்டியர் உண்டு.

படி 8. வீல் எலைன்மென்ட். தளர்வும் முட்டலும் நீக்கப்பட்ட பின்னரே இதைச் செய்விக்க வேண்டும். தளர்ந்த மூட்டுகளுடன் செய்த எலைன்மென்ட் நிலைக்காது.

பாதுகாப்பு: ஓட்டிப் பார்த்தலைச் சாரதி அனுமதிப்பத்திரம் உள்ளவரே செய்ய வேண்டும். நமது வீதிகளின் மேற்பரப்பு கானை நோக்கிச் சரிந்திருப்பதால் வாகனம் இடப்பக்கம் சற்றுச் செல்வது இயல்பு. அதைக் கோளாறெனக் கருதற்க.

8. மாதிரி அமைப்புக் கட்டுரை வினா

குண்டசாலையிலிருந்து மஹியங்கனைக்குச் சரக்குக் கொண்டு செல்லும் ஒருவர் தமது கெப்பின் முன்பகுதியை 60 மி.மீ., பின்பகுதியை 25 மி.மீ. தாழ்த்தி, அகன்ற சில்லுகளையும் பூட்டினார். அதன் பின்னர் பள்ளங்களில் சுக்கான் தானாகத் திரும்பியது. வெற்றாக வரும்போது வளைவு முடிந்தும் சுக்கான் மீளவில்லை. முன் டயர்களின் உள்விளிம்பு தேய்ந்தது. இடப்பக்கம் முழுமையாகத் திருப்பும்போது உரசல் சத்தம் கேட்டது. கராஜ் ஒன்றில் டை ரொட் முனைகளை இருமுறை மாற்றியும் பயன் கிட்டவில்லை. பரிசோதித்தபோது வெற்றசைவு 15 மி.மீ. ஆக இருந்தது. ஜெக் அடித்துப் பார்த்தபோது ஆட்டமோ இறுக்கமோ இல்லை.

(அ) டை ரொட் முனைகளை மாற்றியும் கோளாறு நீங்காதது ஏன்?
(ஆ) நான்கு அறிகுறிகளையும் வகைப்படுத்திக் காரணம் தருக.
(இ) அச்சுகளின் இடைத்தூரம் 2.7 மீற்றர் ஆயின் காஸ்டர் எவ்வளவால் மாறியிருக்கும்?
(ஈ) நீங்கள் முன்வைக்கும் திருத்தங்களை ஒழுங்குபடுத்தி எழுதுக.

விடை

(அ) வெற்றசைவு எல்லைக்குள் உள்ளது. மூட்டுகளில் ஆட்டமில்லை. எனவே இது தளர்வு வகைக் கோளாறன்று. கோளாறு யாவும் தாழ்த்திய பின்னரே தொடங்கின.

(ஆ) பள்ளத்தில் திரும்புதல் – கோணம், பம்ப் ஸ்டியர். அகன்ற சில்லு இதை மேலும் கூட்டும். சுக்கான் மீளாமை – கோணம், காஸ்டர் குறைவு. உள்விளிம்புத் தேய்வு – கோணம், மறைக் கெம்பரும் டோ மாற்றமும். உரசல் – முட்டல், அகன்ற சில்லு உட்பகுதியில் அல்லது மட்கார்டில் படுதல்.

(இ) உயர வேறுபாடு = 60 – 25 = 35 மி.மீ.
தான்சன் = 35 ÷ 2700 = 0.013, கோணம் ஏறத்தாழ ¾ பாகை. காஸ்டர் இவ்வளவால் குறையும். காஸ்டர் கோணம் சில பாகைகளே ஆதலால் இக்குறைவு உணரத்தக்கது. சரக்கு ஏற்றியதும் பின்பகுதி அமிழ்ந்து காஸ்டர் சற்றுக் கூடும். வெற்று வாகனத்தில் மாத்திரம் இக்கோளாறு தோன்றியதன் காரணம் இதுவே.

(ஈ) 1. தயாரிப்பாளர் குறித்த அளவுச் சில்லுகளையும் டயர்களையும் பூட்டுதல். 2. முன்பகுதியைத் தயாரிப்பாளர் குறித்த உயரத்துக்கு உயர்த்துதல், பின்பகுதியின் கட்டைகளை அகற்றுதல், இடம் வலம் சமன்செய்தல். 3. இறப்பர் தடுப்புகளையும் மூட்டு உறைகளையும் பரிசோதித்தல். 4. தேய்ந்த டயர்களை மாற்றி, காஸ்டர், கெம்பர், டோ என்னும் ஒழுங்கில் எலைன்மென்ட் செய்தல்.

9. பல்தேர்வு வினாக்கள்

1. முன்பகுதி மாத்திரம் தாழ்த்தப்பட்ட கெப்பில் காஸ்டர் கோணம்
(1) கூடும் (2) குறையும் (3) மாறாது (4) இரட்டிக்கும்

2. 12, 6 நிலைகளில் ஆட்டியபோது இருந்த அசைவு, தடுப்பு மிதியை அழுத்தியதும் மறைந்தது. காரணம்
(1) டை ரொட் முனை (2) ஐட்லர் ஆர்ம் (3) சில்லின் பெயாரிங் (4) ஸ்டியரிங் பொக்ஸ்

3. டயர்களின் முன்தூரம் 1396 மி.மீ., பின்தூரம் 1402 மி.மீ. ஆயின்
(1) டோ இன் 6 மி.மீ. (2) டோ அவுட் 6 மி.மீ. (3) டோ இன் 3 மி.மீ. (4) டோ பூச்சியம்

4. சுக்கான் முனைக்கு முனை 4 சுற்றுகள், சில்லுகள் மொத்தம் 72 பாகை திரும்பின. சுக்கான் விகிதம்
(1) 16 : 1 (2) 18 : 1 (3) 20 : 1 (4) 22 : 1

விடைகள்: 1 – (2), 2 – (3), 3 – (1), 4 – (3)

10. பரீட்சைக்கு முன் நினைவிற் கொள்க

• காரணம் கேட்கப்படும்போது உறுப்பின் பெயரை மாத்திரம் எழுதாமல், எந்தச் சோதனையால் அதை அறிந்தீர்கள் என்பதையும் எழுதுக.
• கெம்பர், காஸ்டர், டோ ஆகியவை முறையே முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் பார்க்கப்படுவன. படம் வரையும்போது பார்க்கும் திசையைக் குறிக்க.
• வாகனத்தில் மாற்றம் செய்ய விரும்புவோர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

மாணவர்களே, உங்களுட் சிலர் இப்பரீட்சையின் பின் மோட்டார் பொறிமுறை கற்று, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுடன் கராஜ்களில் பணியாற்றக்கூடும். உங்களிடம் வரும் வாகனம் மறுநாள் மலை இறங்கும். கழற்றுவதற்கு முன் கேளுங்கள், பாருங்கள், அளவுங்கள். அதன் பின்னரே சாவியைக் கையில் எடுங்கள்.